உருகாத ஐஸ்கிரீம் எங்கே?

சித்திரை வெயில். கையில் ஐஸ்கிரீமுடன் ஒரு குழந்தை நிற்கிறது.

ஒரு பக்கம் நக்கினால் மறு பக்கம் ஒழுகுகிறது. மறு பக்கம் திரும்புவதற்குள் இந்தப் பக்கம் ஒழுகுகிறது. கடைசியில் பாதி வயிற்றுக்குள் போகிறது. பாதி சட்டைக்குப் போகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் அடி!

"இந்தத் தொல்லை இனி இல்லை" என்று 2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. செய்தி வந்த இடம் ஸ்காட்லாந்து. சொன்னவர்கள் எடின்பரோ, டண்டி ஆகிய 2 பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள்.

"ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்க ஒரு புரதம் கண்டுபிடித்து இருக்கிறோம். இதைத் தருவது ஒரு கிருமி. 3 முதல் 5 ஆண்டுகளில் இப்படிப்பட்ட ஐஸ்கிரீம் கடைக்கு வரக்கூடும்" என்பது அவர்கள் அறிவிப்பின் சாரம். உலகம் எங்கும் பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன.

5 ஆண்டுக் கெடு 2020-ல் முடிந்துவிட்டது. ஐஸ்கிரீம் இன்னும் ஒழுகுகிறது!

அப்படியானால் விஞ்ஞானிகள் பொய் சொன்னார்களா? இல்லை. அந்தப் புரதம் உண்மை. அது செய்யும் வேலையும் உண்மை. பிறகு ஏன் கடைக்கு வரவில்லை?

அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இது ஐஸ்கிரீமோடு நிற்கும் கதை அல்ல. சோப்பு, முகப்பூச்சு, ரொட்டி, மருந்து, கடலில் கொட்டிய எண்ணெய் வரை இந்தக் கதை நீளுகிறது.

சேராத இருவர்

எண்ணெயும் தண்ணீரும் சேராது. இது எல்லோருக்கும் தெரியும். ஒரு புட்டியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்குங்கள். கலந்தது போலத் தெரியும். கொஞ்ச நேரம் வையுங்கள். எண்ணெய் மேலே போய்விடும். தண்ணீர் கீழே நிற்கும்.

ஆனால் பாலைப் பாருங்கள். பாலில் கொழுப்பு இருக்கிறது; தண்ணீரும் இருக்கிறது. இரண்டும் சண்டை போடாமல் ஒன்றாக இருக்கின்றன. எப்படி?

பாலில் உள்ள கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒரு மெல்லிய உறை மூடி இருக்கிறது. உறை இருப்பதால் துளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை. தயிரை மத்தால் கடையும்போது அந்த உறை கிழிகிறது. உடனே கொழுப்புத் துளிகள் ஒன்று சேர்ந்து வெண்ணெயாகத் திரண்டுவிடுகின்றன.

தேங்காய்ப் பாலைப் பிழிந்து வைத்தால் சிறிது நேரத்தில் மேலே கெட்டியாகவும், கீழே நீராகவும் பிரிந்துவிடும். அதில் உறை அவ்வளவு பலமாக இல்லை.

இப்படி உறை போடும் பொருளுக்குப் "பால்மமாக்கி" என்று பெயர். பால் போலக் கலக்க வைப்பதால் அந்தப் பெயர். கலியாணத் தரகர் போன்றது அது. பெண் வீட்டாரையும் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரையும் தெரியும். அதன் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். மறு பக்கம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

முட்டையின் மஞ்சள் கரு ஒரு தரகர். சோப்பு ஒரு தரகர். எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போவதுதான் சோப்பின் வேலை.

அட்டைப் பெட்டியில் உள்ள எண்கள்

அடுத்த முறை ஐஸ்கிரீம் வாங்கினால் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் 471, 433, 466 என்று சில எண்கள் இருக்கலாம். இவை உணவில் சேர்க்கும் பொருள்களின் அடையாள எண்கள். எண்ணெயும் நீரும் பிரியாமல் காப்பதும், கெட்டியாக வைப்பதும் இவற்றின் வேலை.

இவற்றில் 471 என்பது பெரும்பாலும் தாவர எண்ணெய்களில் இருந்து செய்வது. அதற்குப் பெரிதும் உதவும் எண்ணெய்களில் ஒன்று பாமாயில். உலகத்தின் பாமாயிலில் 100-க்கு 80 பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. அந்தத் தோட்டங்களுக்காக எவ்வளவோ காடுகள் அழிந்துவிட்டன.

433 என்பதும் 466 என்பதும் தொழிற்சாலையில் ரசாயன முறையில் செய்பவை. இவை பற்றி 2015-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளிடம் சோதனை நடத்தினார்கள். இவற்றைத் தின்ற எலிகளின் குடலில் லேசான அழற்சி உண்டானது, எடையும் கூடியது.

எலிக்கு வந்தால் மனிதனுக்கும் வருமா? 2022-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில் ஆரோக்கியமான 16 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு 11 நாள் 466 கலந்த சாப்பாடு. மற்றவர்களுக்குக் கலக்காத சாப்பாடு. கலந்த சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு வயிற்றில் சங்கடம் கூடுதலாக இருந்தது. குடலில் வாழும் நல்ல கிருமிகளிலும் மாறுதல் தெரிந்தது.

ஆனால் இது 16 பேரிடம் நடந்த சோதனை. அவர்களுக்குக் கொடுத்த அளவும் அதிகம். இதைக் கொண்டு "விஷம்" என்று கூச்சல் போடக்கூடாது. அரசாங்கங்கள் இந்தப் பொருள்களை இன்னும் அனுமதித்துத்தான் இருக்கின்றன. ஆனாலும் "இதைவிட நல்ல தரகர் கிடைக்க மாட்டாரா?" என்ற கேள்வி பிறந்துவிட்டது.

எண்ணெயைக் கழுவப் போய்...

வயிறு மட்டும் அல்ல. கடலும் இந்தக் கதையில் உண்டு.

1967-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், "டோரி கேன்யன்" என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. அதில் இருந்தது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் டன் கச்சா எண்ணெய்! கடல் கறுத்தது. கரையில் எண்ணெய் அலை அலையாக வந்து ஒதுங்கியது.

எண்ணெயைக் கழுவ என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் 10 ஆயிரம் டன் ரசாயனச் சோப்பு மருந்தைக் கடலிலும் கரையிலும் கொட்டினார்கள்.

எண்ணெய் கரைந்தது. ஆனால் பாறைகளில் ஒட்டி வாழ்ந்த நத்தைகளும் சிப்பிகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எண்ணெயைவிட மருந்துதான் அதிகக் கேடு செய்தது என்று பின்னால் தெரிந்தது. மருந்து தெளிக்காத கரை 2, 3 ஆண்டுகளில் தேறிவிட்டது. நிறையத் தெளித்த கரை தேறுவதற்கு 10 ஆண்டு அளவுக்கு ஆனது.

இன்று உபயோகிக்கும் மருந்துகள் அவ்வளவு கொடியவை அல்ல. ஆனாலும் அந்தப் பாடத்தை யாரும் மறக்கவில்லை. எண்ணெயைக் கலைக்கும் வேலையை உயிர்ப்பொருள் செய்தால் நல்லது என்ற எண்ணம் வலுத்தது.

1979-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் யூஜின் ரோசன்பர்க்கும் அவருடைய தோழர்களும் ஒரு வழி காட்டினார்கள். எண்ணெயைத் தின்று வாழும் ஒரு கிருமி, அதற்காக "எமல்சான்" என்ற பொருளை வெளியே விடுகிறது. அது எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கிறது. எமல்சானில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலி. அதோடு கொஞ்சம் புரதம் ஒட்டி இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நீக்கிவிட்டால் அதன் ஆற்றல் குறைந்துவிடுகிறது!

கிருமிக்கு ஏன் மழைக்கோட்டு?

புரதம் என்றால் என்ன? பருப்பிலும் முட்டையிலும் நமக்கு வலுவைத் தரும் சத்துதான் புரதம். கிருமியின் உடம்பிலும் புரதம் உண்டு. ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. அவற்றில் சில, தரகர் வேலை தெரிந்தவை.

ஸ்காட்லாந்து விஞ்ஞானிகளின் கிருமி மண்ணில் வாழ்வது. "பாசில்லஸ் சப்டிலிஸ்" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஜப்பானியர் அவித்த சோயா மொச்சையை நொதிக்க வைத்து "நாட்டோ" என்று சாப்பிடுகிறார்கள். அதை நொதிக்க வைப்பது இந்தக் கிருமி இனம்தான்.

இந்தக் கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து வாழும். அந்தக் கூட்டத்தின் மேல் தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். காரணம், மேலே ஒரு புரதப் போர்வை. அதைக் "கிருமியின் மழைக்கோட்டு" என்று விஞ்ஞானிகள் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அந்தப் புரதத்தின் பெயர் "பி.எஸ்.எல்.ஏ."

இந்தப் புரதத்துக்குத் தலையில் ஒரு தொப்பி இருக்கிறது. தொப்பிக்குத் தண்ணீர் பிடிக்காது. எண்ணெயும் காற்றும் பிடிக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போது தொப்பி உருமாறி, ஒடுங்கிக் கிடக்கும். எண்ணெயின் ஓரத்தையோ காற்றுக் குமிழியின் ஓரத்தையோ தொட்டதும் தொப்பி தன் சொந்த உருவத்தைக் காட்டும். ஆயிரம் ஆயிரமாகப் புரதங்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ரப்பர் போன்ற ஒரு தோல் உண்டாகிவிடும்.

ஐஸ்கிரீமில் இருப்பது கொழுப்புத் துளி, காற்றுக் குமிழி, ஐஸ் துணுக்கு, சர்க்கரை நீர். துளிக்கும் குமிழிக்கும் இந்தப் புரதம் தோல் போட்டுவிடுகிறது. அதனால் ஐஸ்கிரீம் சீக்கிரம் குலைவதில்லை. ஐஸ் மணல் மணலாக உறைவதையும் தடுக்கிறது. "கொழுப்பைக் குறைத்தும் ஐஸ்கிரீம் செய்யலாம்" என்கிறார்கள், எடின்பரோ பேராசிரியை கெய்ட் மெக்பீயும் அவருடன் உழைத்தவர்களும்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இதே வேலை தெரிந்த இன்னொரு புரதம், பூஞ்சைக் காளானிடம் இருக்கிறது.

2-வது உலகப் போர் நடந்த நேரம். பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படை முகாம் போட்டு இருந்தது. படை வீரர்களின் கூடாரத் துணி மளமளவென்று மக்கியது. எதிரியின் வேலையா? இல்லை. ஒரு பூஞ்சையின் வேலை!

அந்தப் பூஞ்சையை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் பெயரை, அதற்கே பிற்காலத்தில் வைத்துவிட்டார்கள். "டிரைகோடெர்மா ரீசி" என்பது அதன் பெயர்.

மழைக்குப் பிறகு முளைக்கும் காளானின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருளுவதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை இனங்கள் ஒரு புரதத்தால் தங்கள் உடம்பைப் போர்த்திக்கொள்கின்றன. 1991-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வெசல்ஸ் குழுவினர் அதற்கு "ஹைட்ரோபோபின்" என்று பெயர் வைத்தார்கள். தண்ணீருக்குப் பயப்படும் புரதம் என்று பொருள்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சையின் ஹைட்ரோபோபினை யூனிலீவர் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எடுத்து நுரையில் கலந்து பார்த்தார்கள். சாதாரண நுரை சில மணி நேரத்தில் அடங்கும். இந்த நுரை மாதக்கணக்கில் அடங்கவில்லை! ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் இந்த வகைப் புரதத்தை இன்னொரு கிருமியிடம் செய்ய வைத்து, கிலோக் கணக்கில் எடுத்துக் காட்டியது.

ரொட்டிக் கடையில் உள்ள ஈஸ்டும் இதில் சளைத்தது அல்ல. அதன் மேல் தோலில் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் இருக்கிறது. 1988-ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் ஈஸ்டை நீராவி அழுத்தத்தில் வேகவைத்து அந்தப் புரதத்தைப் பிரித்தார்கள். மண்ணெண்ணெயையும் தண்ணீரையும்கூட அது பிரியாமல் கலந்து வைத்தது.

உறை மோரும் மூடியும்

இவ்வளவு கெட்டிக்காரப் புரதங்கள் இருந்தும் கடைக்கு வருவதில் ஏன் தாமதம்?

முதல் தடை, விலை.

கிருமியிடம் இருந்து புரதம் எடுப்பது புதிய வித்தை அல்ல. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்வதற்கு முன்பெல்லாம் கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்து ஒரு புரதம் எடுத்தார்கள். அதே புரதத்தைக் கிருமியிடம் செய்ய வைத்து உபயோகிக்க 1990-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இன்று அது பெரிய வியாபாரம். துணி துவைக்கும் தூளிலும் 1960-களில் இருந்து கிருமியின் புரதம் இருக்கிறது.

அவை ஜெயித்தன. இவை ஏன் தயங்குகின்றன?

அவை உறை மோர் போன்றவை. ஒரு குடம் பாலுக்கு ஒரு கரண்டி போதும். அந்தப் புரதம் தன் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

பால்மமாக்கிப் புரதம் அப்படி அல்ல. அது மூடி போன்றது. 100 பானைக்கு 100 மூடி வேண்டும். ஒரு துளியை மூடிய புரதம் இன்னொரு துளியை மூடப் போகாது. ஆகவே நிறைய வேண்டும். நிறைய வேண்டும் என்றால் மலிவாக வேண்டும்.

ஆனால் செய்முறையோ செலவு மிகுந்தது. பெரிய இரும்புத் தொட்டியில் சர்க்கரை நீர் ஊற்ற வேண்டும். கிருமியை வளர்க்க வேண்டும். காற்று ஊத வேண்டும். சூடு ஏறாமல் காக்க வேண்டும். பிறகு கிருமியை வடிகட்டி, புரதத்தை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து உலர்த்த வேண்டும். இதில் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் பணத்தை விழுங்கும் வேலை. பாமாயிலில் இருந்து செய்யும் தரகரோ டன் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறார்!

2-வது தடை, பலம். முட்டை வெந்தால் கெட்டியாகிவிடும் அல்லவா? பல புரதங்கள் அப்படித்தான். சூடு, புளிப்பு, உப்பு பட்டால் உரு மாறிவிடும். ஹைட்ரோபோபின் போன்ற சில மட்டும் கொஞ்சம் முரட்டுச் சரக்கு.

3-வது தடை, பாதுகாப்பு. இதுதான் முக்கியம்.

"இயற்கை" என்றாலே நல்லதா? ஊமத்தங்காயும் இயற்கைதான்! சிலருக்கு நிலக்கடலை ஆகாது. சிலருக்கு முட்டை ஆகாது. அங்கே ஒவ்வாமையைக் கிளப்புவது புரதம்தான். புதிய புரதம் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

துவைக்கும் தூளின் கதையே சாட்சி. 1969-ல் இங்கிலாந்தில் அந்தத் தூள் செய்யும் தொழிலாளர்களுக்கு மூச்சு இளைப்பு வந்ததை டாக்டர்கள் எழுதினார்கள். புரதத் தூசி மூச்சோடு உள்ளே போனதுதான் காரணம். பிறகு தூசி பறக்காதபடி புரதத்தைக் குருணையாக்கி மேலே பூச்சுப் போட்டார்கள். அதன் பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. தொழிலாளி இருமிய பிறகுதான் அந்த யோசனை வந்தது! இந்த முறை முன்பே யோசிக்க வேண்டும்.

ஆகவே புதிய பொருளை உணவில் சேர்க்க அரசாங்கங்கள் ஆதாரம் கேட்கின்றன. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அது தாமதம்தான். ஆனால் தேவையான தாமதம்.

பங்காளி வந்துவிட்டார்

புரதம் தயங்கி நிற்க, அதன் பங்காளி ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். அவர் பெயர் "ராம்னோலிப்பிட்". அவரும் கிருமி தரும் தரகர்தான். ஆனால் புரதம் அல்ல. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தவர்.

2019-ல் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில், யூனிலீவர் நிறுவனம் அவரைச் சேர்த்த பாத்திரம் துலக்கும் திரவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் ஸ்லோவாகியா நாட்டில் இதற்கென்றே பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. சோளச் சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் அங்கே சோப்புப் பொருள் தருகின்றன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கிருமியின் தரகர் முதலில் நுழைந்த இடம் சாப்பாட்டுத் தட்டு அல்ல. தட்டு கழுவும் தொட்டி!

புரதத்துக்கும் அதுதான் நல்ல பாதை என்று தோன்றுகிறது. கொஞ்சம் சேர்த்தாலே போதும், விலையும் தாங்கும் என்ற இடங்களில் அது முதலில் வரட்டும். மருந்துக் களிம்பு, முகப்பூச்சு போன்றவை அப்படிப்பட்ட இடங்கள். அங்கேயும் சோதித்த பிறகே வரட்டும். பீர் தொழிற்சாலைகளில் மிஞ்சிப் போகும் ஈஸ்டில் இருந்து புரதம் எடுக்க முடிந்தால் மூலப்பொருள் செலவு குறையும். தொழில் பழகி, தொட்டி பெரிதாகி, விலை இறங்கிய பிறகு ஐஸ்கிரீமைப் பார்க்கலாம்.

அதுவரை, "இயற்கைப் பொருள் சேர்ந்தது" என்று பளபளக்கும் பெட்டியைக் கண்டால் 3 கேள்வி கேளுங்கள். அது என்ன பொருள்? யாரிடம் சோதித்தார்கள்? யாருக்கு ஆகாது? இதற்கு மூன்றுக்கும் பதில் சொல்பவரே நல்ல வியாபாரி.

கிருமி என்றால் சோப்புப் போட்டு விரட்டுவோம். அந்தக் கிருமியே நமக்குச் சோப்புத் தரும் காலம் வந்துவிட்டது. உருகாத ஐஸ்கிரீமும் ஒரு நாள் வரலாம்.

குழந்தைக்கு அவசரம்தான். ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் போகும் பொருள் அல்லவா? அவசரப்படக்கூடாது. சட்டையில் பட்ட கறையைத் துவைத்துக்கொள்ளலாம்!